பிரதிகள்: 5000

குளிர்கிறது. வெளியே தார் உருகிச் செருப்பில் ஒட்டுகிற மே மாதத்துப் பதினொரு மணி. உள்ளே முந்நூறு பேரை உட்கார வைத்து நடுங்க விடுகிறார்கள். பாதுகாப்பு பாதுகாப்பு என்று இவர்கள் நாற்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருப்பது இந்தக் குளிரைத்தான் போலிருக்கிறது. எனக்கு முதல் வரிசை. சாய்ந்தால் மெத்தென்று பின்னால் போகிற நாற்காலி. நான் சாயவில்லை. மூன்று சிறைகளின் சிமெண்டுத் தரையில் படுத்து நேரான முதுகு, இவர்கள் மெத்தைக்காக வளையாது. மேடையின் அகலம் முழுக்கப் பேனர். சர்வதேசப் பாதுகாப்பு ஆய்வுப் புலத்தின் டீன், பேராசிரியர் டாக்டர் சங்கரநயினார் அவர்களின் பணிநிறைவுப் பாராட்டு விழா. அவர்கள் என்று போட்டிருக்கிறார்கள். என் வாயும் இன்றைக்கு அவர் இவர் என்றுதான் சொல்லும். மனம் சொல்லாது. மனத்துக்கு அவன் இன்னும் இருபத்து நாலு வயசு ஜிப்பாக்காரன், எங்கள் ஊர்க் கோர்ட்டு வராந்தாவில் நோட்டுப் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, அண்ணாச்சி ஒரு நிமிஷம், ஒரே நிமிஷம் என்று என் பின்னால் ஓடி வந்தவன். இன்று எனக்கு அவன் ஐந்து நிமிஷம் கொடுத்திருக்கிறான். நிகழ்ச்சி நிரலில் எட்டாவது இடம். கப்பலைத் திருப்பிய போராளி திரு. கோமதிநாயகம் அவர்கள் வாழ்த்துரை. ஐந்து நிமிஷம் வேண்டாம். ஒரு சொல் போதும். ஐநூறு. அதைச் சொல்லத்தான் தூத்துக்குடியிலிருந்து ராத்திரி முழுக்கப் பஸ்ஸில் வந்தேன். மூன்று வரிசை தள்ளிப் பின்னால் சண்முகக்கனி உட்கார்ந்திருக்கிறாள். திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை, பிடரியில் தெரிகிறது. காலையில் பஸ்ஸை விட்டு இறங்கி டீ குடிக்கும்போது கேட்டாள். "மாமா, சொல்லிருவீங்கல்லா?" சொல்லிருவேன் தாயி என்றேன். டம்ளரை வைத்துவிட்டு மறுபடி கேட்டாள். "மாறிர மாட்டீங்கல்லா?" எனக்குக் கோபம் வந்தது. எழுபத்து மூன்று வயதில் என்னைப் பார்த்து மாறிவிடுவீர்களா என்று கேட்கிறாள். எவனெவனோ மாறியபோதும் மாறாதவன் நான். ஆனால் அவள் கேட்டது அதை அல்ல, அது எனக்கும் தெரியும்.

ஐநூறு பிரதி. எண்பத்து நாலில் நாங்கள் அடித்த நோட்டீஸ் அவ்வளவுதான். வெளிநாட்டுப் போர்க்கப்பல் ஒன்று நல்லெண்ணப் பயணம் என்று சொல்லிக்கொண்டு எங்கள் துறைமுகத்துக்கு வருவதாக இருந்தது. அதன் கயிற்றைத் தொழிலாளி எவனும் பிடித்துக் கட்டக் கூடாது, அதற்குக் குடிதண்ணீர்கூட ஏற்றக் கூடாது, பதினாறாம் தேதி துறைமுக வாசலில் திரண்டு நிற்போம் என்று எழுதினேன். நல்ல நோட்டீஸ். இன்றைக்கும் வரிக்கு வரி சொல்வேன். எனக்குப் பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போடு சரி. படித்ததெல்லாம் நோட்டீஸ், எழுதினதெல்லாம் நோட்டீஸ், ஊரில் எனக்குப் பெயரே நோட்டீஸ் கோமதி. அச்சடித்தவன் பலவேசம், சண்முகக்கனியின் அப்பா. வெற்றி அச்சகம் என்று பெயர். காலால் மிதித்து ஓட்டுகிற ஒரு ட்ரெடில் மெஷின், நாலு பெட்டி எழுத்து, ஒரு ஸ்டூல், இவ்வளவுதான் வெற்றி. நோட்டீஸின் அடியில் பிரதிகள் 5000 என்று போட்டோம். எல்லாரும் அப்படித்தான் போட்டார்கள். ஆளும் கட்சிக்காரனும் போட்டான், எதிர்க்கட்சிக்காரனும் போட்டான், சங்கக்காரனும் போட்டான். ஐநூறு அடித்தால் ஐயாயிரம், ஆயிரம் அடித்தால் பத்தாயிரம். வாங்கிப் படிக்கிறவனுக்கும் தெரியும். ஒரு பிரதி வாங்கிப் போக வருகிற உளவுப் பிரிவு ஏட்டுக்கும் தெரியும். வாசலில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, "என்ன கோமதி, இந்த வாட்டி சைபரு ஒண்ணா ரெண்டா?" என்பார். பலவேசம் மிதியை நிறுத்தாமலே பதில் சொல்வான், "சைபருக்கு ஈயம் ஒரே துண்டுதான் ஏட்டையா, உங்களுக்கு வேணும்னா இன்னொண்ணு போடுதேன்." ஊரே சிரித்த அந்தச் சைபரைப் பார்த்துச் சிரிக்கத் தெரியாத ஒருத்தன் டில்லியில் படித்துவிட்டு வந்தான்.

மேடையில் ஒரு பேராசிரியை அவன் வாழ்க்கையைப் படிக்கிறாள். நல்ல குரல், தண்ணீர் ஊற்றுகிற மாதிரி. கடலோரப் பாதுகாப்பு குறித்த முனைவர் பட்ட ஆய்வு, தென்மாவட்டத் துறைமுகமொன்றில் நேரடிக் களப்பணி. களப்பணியாம். நான் ஜெயிலிலிருந்து வந்த பிறகு எங்கள் சங்க ஆபீசில் பதினொரு நாள் உட்கார்ந்து என் செலவில் பரோட்டா தின்றதுதான் களப்பணி. ஒரு துண்டறிக்கையைச் சராசரியாக ஏழு பேர் படிக்கிறார்கள் என்று கண்டறிந்து, ஐயாயிரம் பிரதிகள் முப்பத்தையாயிரம் வாசகர்களாகவும் அதில் பத்தில் ஒரு பங்கு செயலூக்கமுள்ள ஆதரவாளர்களாகவும் மாறும் வழியை வகுத்துத் தந்த நயினார் குறியீடு. கைதட்டுகிறார்கள். மூவாயிரத்து ஐநூறு பேர். பதினாறாம் தேதி வாசலில் நின்றது எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும், அறுபத்திரண்டு பேர், அதில் எட்டுப் பேர் ஐஸ் வாங்க வந்தவர்கள். அந்தக் குறியீட்டை எடுத்துக்கொண்டு அவன் வெளிநாடு போனான். அங்கே இரண்டு வருடம். திரும்பி வந்து பல்கலைக்கழகத்தில் ரீடர். அப்புறம் துறைத்தலைவர். அப்புறம் கடலோரப் பாதுகாப்புக்கான ஆலோசனைக் குழுக்கள், மூன்று, நாலு, ஆறு. அப்புறம் புலமே அவனுக்காகத் திறந்தார்கள், டீன் ஆனான், பதினெட்டு வருடம் டீன். அவள் ஒவ்வொரு படியாகச் சொல்லச் சொல்ல நான் ஒவ்வொரு படிக்கும் கீழே குனிந்து பார்க்கிறேன், அங்கே பலவேசத்தின் ஈயத்துண்டு கிடக்கிறது. ஓட்டை விழுந்த சின்ன வட்டம். ஒரு சைபரின் மேல் ஏறி நின்று ஒரு மனுஷன் இவ்வளவு உயரம் போக முடியும் என்றால், அதை என் கையால் போட்டுக் கொடுத்த நான் ஏன் ஒரு ஓட்டு வீட்டில் கிடக்கிறேன்? ச்சீ. இப்படி யோசிக்கக் கூடாது. பொறாமைப்படுகிறவன் இல்லை நான். இவனைப் பார்த்துப் பொறாமைப்பட என்ன இருக்கிறது, சர்க்கரை வியாதியும் சாயம் அடித்த மீசையும். மூத்திரம் முட்டுகிறது. இப்போது எழுந்து போனால் கனி நான் ஓடிப்போகிறேன் என்று நினைப்பாள். அடக்கிக்கொள்கிறேன். இதைவிட அதிகம் அடக்கியிருக்கிறேன்.

திரையில் இப்போது எங்கள் நோட்டீஸ். ஐயோ, எவ்வளவு பெரிதாக. பலவேசத்தின் எழுத்து ஒவ்வொன்றும் ஆள் உயரம். ழகரத்துக்கு ஒரு கொம்பு தேய்ந்திருக்கும், அதுகூடத் தெரிகிறது. அடியில் பிரதிகள் 5000. நடுவே பதினாறாம் தேதி என்ற இடத்தில் ஆறு மட்டும் கையால் எழுதினது, பழுப்புக் காகிதத்தில் ஊதா நிறத்தில் பளிச்சென்று. பேராசிரியை சொல்கிறாள், கிடைத்த மூன்று பிரதிகளில் இரண்டில் நீல மைக் குறியும் ஒன்றில் ஊதா மைக் குறியும் இருப்பதைக் கண்ட நம் டீன் அவர்கள், இவை இருவேறு விநியோகக் குழுக்களின் ரகசிய அடையாளங்கள் என்று நிறுவினார். நீலக் குழு, ஊதாக் குழு என்ற அந்தப் பகுப்பு இன்று உலகம் முழுவதும் வகுப்பறைகளில். உலகம் முழுவதும்! இரண்டு மூன்று பையன்கள் மடியில் எழுதிக்கொள்கிறார்கள். ஊதாக் குழு. அடப்பாவி. ஊதாக் குழு மூன்று வரிசை பின்னால் உட்கார்ந்திருக்கிறது, பஸ்ஸில் வாங்கின எலுமிச்சம்பழத்தைக் கையில் வைத்து மோந்துகொண்டு.

தேதி தப்பாகிவிட்டது, அவ்வளவுதான். நான் எழுதிக் கொடுத்தபோது கப்பல் பதினைந்தாம் தேதி. அடித்து முடித்து ஈரம் காயும்போது துறைமுகத்திலிருந்து ஆள் வந்து சொன்னான், பதினாறு. மறுபடி அடிக்கக் காகிதம் இல்லை. கையால் திருத்துவது என்று உட்கார்ந்தோம், நானும் பலவேசத்தின் பெண்சாதி தங்கமும் பதினேழு வயசு சண்முகக்கனியும். ஐந்தை ஆறாக்குவது சுலபம், வாலை இழுத்து வளைத்துவிட்டால் போதும். மத்தியான வெயில் தகரத்தின் மேல் சுட்டுக்கொண்டிருந்தது, மண்ணெண்ணெய் வாசனை, மெஷினுக்குக் கீழே பூனை. என் பேனாவில் நீல மை தீர்ந்தது, தங்கத்தின் பேனா ஓட்டை. கனி மளிகைக்கடையிலிருந்து ஒரு காப்பியிங் பென்சில் வாங்கி வந்தாள். எச்சில் தொட்டு எழுதினால் ஊதாவாகும் பென்சில். நுனியை நாக்கில் வைப்பாள், ஆறு போடுவாள், நாக்கில் வைப்பாள், ஆறு போடுவாள். சாயங்காலம் அவள் வாயைத் திறந்தபோது நாக்கு முழுக்க ஊதா. பலவேசம் மிதியில் காலை வைத்தபடி சிரித்த சிரிப்பு. "ஏட்டி, உன்னைய எவன் கட்டுவான், நாவப்பழம் தின்ன ஓணான் கணக்கா இருக்க." அவளும் அவனுக்கு நாக்கை நீட்டிக் காட்டினாள். இதைத்தான் உலகம் முழுவதும் வகுப்பறைகளில். நான் இதைப் பத்து வருடம் முன்பே அவன் புத்தகத்தில் பார்த்தேன். ஒரு வார்த்தை எழுதியிருந்தால் போதும், ஒரு கார்டு. எழுதவில்லை. வாசகசாலையில் நாலு பேருக்கு அந்தப் பக்கத்தைக் காட்டினேன். நீலக் குழு, ஊதாக் குழு, பார்த்துக்கிட்டீங்களா என்றேன். அண்ணாச்சி அந்தக் காலத்துலேயே இப்படியா என்று வாயைப் பிளந்தார்கள். நான் மறுக்கவில்லை. கண்ணை மட்டும் மூடித் திறந்தேன். கண்ணை மூடித் திறந்ததற்கு என்ன தண்டனை? பெரிய பொய்யைச் சொல்கிறவனுக்குச் சட்டம் இருக்கிறது, கண்ணை மூடித் திறக்கிறவனுக்கு ஒன்றும் இல்லை.

கோர்ட்டுக்குப் போகாதே, மனமே, இப்போது வேண்டாம். போகிறது. பதினாறாம் தேதி என்னையும் பலவேசத்தையும் பிடித்த மறுநாள். மாஜிஸ்திரேட்டின் மேஜையில் மின்விசிறி பக்கத்துக்குப் பக்கம் திரும்புகிறது. பிடிபட்ட நோட்டீஸ் முந்நூற்றுச் சொச்சம். மீதி எங்கே என்று கண்டுபிடிக்க அச்சகக்காரனை மூன்று நாள் காவலில் கொடுங்கள் என்று போலீஸ் தரப்பு கேட்கிறது. மீதியென்று ஒன்று இல்லை, மொத்தமே ஐநூறுதான் அடிச்சேன், சைபரு சும்மா போடுதது எசமான் என்று பலவேசம் சொல்லிவிட்டான். எங்கள் வக்கீலும் என் காதில் சொல்லியிருந்தார், உம்மைக் கேட்டா ஐநூறுன்னு சொல்லிரும், ஆள் வெளியே வந்துருவான். மாஜிஸ்திரேட் என்னைக் கேட்டார். நீர்தானே எழுதினது, எத்தனை அடித்தீர்? வராந்தாவில் நம் ஆட்கள் முப்பது பேர், ஜன்னல் கம்பியில் முகம் முகமாக. கப்பல் வேறு முந்தின நாள் வராமல் திரும்பிவிட்டது; கடல் கொந்தளிப்பு, உள்ளே நுழைய முடியவில்லை, ஆனால் ஊர் என்ன சொன்னது, நம்ம கோமதி நோட்டீஸைக் கண்டு திரும்பிட்டான் என்று சொன்னது. ஐநூறு காகிதத்துக்கா ஒரு போர்க்கப்பல் திரும்பும்? முப்பது முகம். மின்விசிறி என் பக்கம் திரும்பிற்று. ஐயாயிரம் என்றேன். அதோடு விட்டேனா? பத்தாமப் போச்சு என்றேன். வராந்தா அதிர்ந்தது, கைதட்டல், விசில். அந்தக் கைதட்டல் இன்னும் காதில் இனிக்கிறது. அதைச் சொல்லத்தான் வெட்கம். இனிக்கிறது. பலவேசம் என்னைத் திரும்பிப் பார்த்தான். கோபமாகப் பார்க்கவில்லை. அச்சில் ஒரு எழுத்து தலைகீழாக விழுந்துவிட்டால் பார்ப்பானே, அப்படி. மூன்று நாள் கொடுத்தார்கள். இல்லாத நாலாயிரத்து ஐநூறு நோட்டீஸ் எங்கே என்று மூன்று நாள் அவனைக் கேட்டார்கள். எழுத்துப் பொறுக்குகிற வலது கை, மூன்று விரல். அப்புறம் அவன் ஒரு எழுத்தையும் பொறுக்கவில்லை. உப்பு மூட்டை அடுக்குகிற கிட்டங்கியில் காவல்காரனாக இருந்து செத்தான். நான் பதினொரு மாதம் இருந்து மாலையோடு வெளியே வந்தேன். அவன் வீட்டுக்குப் போனபோது கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து, "வாங்கண்ணே, காப்பி குடிக்கேளா?" என்றான். ஒரு தடவை திட்டியிருக்கலாம். திட்டாதவனை நான் எப்படி மன்னிப்பது?

கோர்ட்டில் ஐயாயிரம் என்று சொன்ன அன்றைக்குத்தான் வராந்தாவில் அந்த ஜிப்பாக்காரன் ஓடி வந்தான். போலீஸ் வேனில் ஏறப் போகிறேன். அண்ணாச்சி, நான் ஆராய்ச்சி மாணவன், ஐயாயிரம்னு சொன்னது சரிதானா? அச்சகக்காரர் வேற சொன்னாரே? அவனும் சந்தேகப்பட்டான்! இதை மறக்கக் கூடாது, அவனுக்கு ஒரு நிமிஷம் சந்தேகம் வந்திருக்கிறது. நான்தான் படிக்கட்டில் நின்று, முப்பது பேர் பார்க்க, விலங்கோடு கையைத் தூக்கி, எழுதிக்கோ தம்பி, ஐயாயிரம் என்றேன். எழுதிக்கொண்டான். அவன் புத்தகத்தின் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. மீதிப் பிரதிகளின் இருப்பிடத்தைப் பற்றி வாய் திறக்க மறுத்த அச்சக உரிமையாளர் பலவேசம், பயிற்சி பெற்ற தலைமறைவு ஊழியருக்குரிய மன உறுதியைக் காட்டினார். சொல்ல ஒன்றும் இல்லாமல் அடி வாங்கினவனை இவன் பயிற்சி பெற்றவன் ஆக்கினான். அந்தப் பக்கத்தின் ஜெராக்ஸைப் போன மாதம் கனி கொண்டு வந்தாள். அவள் மகள் வினோதினிக்கு ஒரு துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற வேலை கிடைத்திருக்கிறது, எல்லாத் தேர்விலும் முதல். நன்னடத்தை விசாரணைக்கு வந்த அதிகாரி இந்தப் பக்கத்தை மேஜையில் போட்டு, உங்க தாத்தா பெரிய ஆளா இருந்திருக்காரேம்மா என்றானாம். கோப்பு நிற்கிறது. கனி டீனுக்கே போன் பண்ணியிருக்கிறாள். அவன் மரியாதையாகப் பேசியிருக்கிறான், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அம்மா, ஆவணம் அப்படிச் சொல்லுது, எழுதினவரே வந்து பொதுவில இல்லைன்னு சொன்னா திருத்தி, விசாரணை அதிகாரிக்கும் என் கையாலேயே கடிதம் தருகிறேன். எழுதினவர் நான். இந்த மாத முடிவுக்குள் கடிதம் போகாவிட்டால் வேலை அடுத்த ஆளுக்கு. அவ்வளவுதான் விஷயம், ஒரு சொல். ஆனால் அந்தச் சொல்லைச் சொன்ன பிறகு நான் யார்? அறுபத்திரண்டு பேரைக் கூட்டி, கடல் கொந்தளிப்பைத் தன் பெயரில் எழுதிக்கொண்டவன். இந்த உலகத்தில் எங்கள் இயக்கம் பெரிதாக இருக்கிற ஒரே இடம் இவன் புத்தகம்தான். என் எதிரிதான் என்னை நம்பினான். ஊரில் எவனும் நம்பாததை இவன் உலகம் பூராவும் நம்ப வைத்தான். அதை என் வாயாலேயே கலைக்க வேண்டும்.

பக்கத்து நாற்காலி அசைகிறது. அவன்தான். மேடையிலிருந்து இறங்கி வந்து என் அருகே உட்கார்கிறான், சந்தன வாசனை. புகைப்படக்காரர்கள் ஓடி வருகிறார்கள். "அண்ணாச்சி, குளிருதா? ஏ.சி.யைக் குறைக்கச் சொல்லட்டுமா?"

"குளிரெல்லாம் நமக்கு ஒண்ணுமில்ல."

"நீங்க இல்லாம நான் இல்ல அண்ணாச்சி."

"அது எனக்குத் தெரியும்."

அவன் சிரித்தான். கேமராவைப் பார்த்துக்கொண்டே குரலைத் தாழ்த்தினான். "அந்தம்மா வந்திருக்காங்க, பார்த்தேன். உங்க இஷ்டம் அண்ணாச்சி. நான் தடுக்க மாட்டேன். ஆனா கோர்ட்ல சொன்னது நீங்க. படிக்கட்டுல சொன்னதும் நீங்க. நான் காதால கேட்டதைத்தான் எழுதினேன்."

"கேட்டதை எழுதினீரு. பலவேசம் சொன்னதையும் கேட்டீருல்லா? அதை ஏன் எழுதல?"

அவன் முகத்தில் ஒரு கணம் அந்த ஜிப்பாக்காரன் வந்து போனான். "அதை எழுதியிருந்தா ஆய்வே இல்லையே அண்ணாச்சி." அவ்வளவு சாதாரணமாகச் சொன்னான். எழுந்து போய்விட்டான். நாற்காலி இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறது. இரண்டு பேர் பேசினார்கள், ஒருத்தன் ஐநூறு என்றான், ஒருத்தன் ஐயாயிரம் என்றான். பெரிய எண்ணைச் சொன்னவனைச் சரித்திரமாக்கி, சின்ன எண்ணைச் சொன்னவனை அடிக்க விட்டார்கள். நானும் இவனும் சேர்ந்துதான். இவனை நான் வெறுக்கிற வெறுப்பில் பாதியை எடுத்து எனக்கு வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது, அது இன்னும் வெறுப்பாக இருக்கிறது. என் பெயரைக் கூப்பிடுகிறார்கள். கப்பலைத் திருப்பிய. முட்டி பிடிக்கிறது. ஏழு படி. பொன்னாடை தோளில் விழுகிறது, கனமாக, மாட்டுக்குப் போர்த்துகிற மாதிரி. மைக் என் உயரத்துக்கு இல்லை, யாரோ வந்து வளைக்கிறார்கள். முந்நூறு முகம். அன்றைக்கு முப்பது. இங்கேயும் சைபர் ஒன்று கூடியிருக்கிறது. கைதட்டல் வேறு, நான் வாயைத் திறப்பதற்கு முன்பே. இனிக்கிறது, சனியன், இப்போதும் இனிக்கிறது. கனி எலுமிச்சம்பழத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருக்கிறாள். ஐ என்று ஆரம்பிக்கிற எழுத்து இரண்டுக்கும் ஒன்றுதான், அதற்கப்புறம் எந்தப் பக்கம் திரும்பும் என்று எனக்கே தெரியவில்லை. "ஐநூறு," என்றேன். வந்துவிட்டது. "அந்த நோட்டீஸ் நாங்க அடிச்சது ஐநூறுதான். ஐயாயிரம்னு போட்டது சும்மா. கோர்ட்ல நான் சொன்னது பொய்."

டீன் எழுந்தான், இன்னொரு மைக்கை எடுத்தான், அழகாகச் சிரித்தான். "இதைத்தான் நான் நாலாவது அத்தியாயத்துல எழுதியிருக்கேன். தலைமறைவு இயக்கத்துல இருந்தவங்க எண்ணிக்கையை எப்பவும் குறைச்சுத்தான் சொல்லுவாங்க. நாற்பது வருஷம் கழிச்சும் அண்ணாச்சி தன் தோழர்களைக் காட்டிக் கொடுக்கல, பாருங்க." கைதட்டினார்கள். எழுந்து நின்று தட்டினார்கள். என் வாழ்க்கையில் இவ்வளவு பேர் எனக்காக எழுந்து நின்றதில்லை. பொய்யைச் சொன்னேன், நம்பினார்கள். உண்மையைச் சொன்னேன், அதையும் பொய்க்கே சாட்சியாக எடுத்துக்கொண்டார்கள். திருத்துகிறேன் என்று போனில் சொன்னவன்தான் இவன். அப்படியே இறங்கிவிடலாம். சொல்லியாகிவிட்டது, நான் சொல்லவில்லை என்று எவளும் சொல்ல முடியாது. படியில் ஒரு காலை வைத்தேன். அப்போது திரையைப் பார்த்தேன். எவனோ மறந்துபோய் நோட்டீஸை அப்படியே விட்டிருக்கிறான். ஊதா ஆறு, ஆள் உயரத்தில், வால் வளைந்து. திரும்பி மைக்குக்கு வந்தேன். "ஏ நயினாரு," என்றேன். கைதட்டல் அறுந்தது. "அந்த ஆறைப் பாரும். அது குறி இல்ல. தேதி தப்பாப் போச்சுன்னு கையால திருத்தினது. மூணு பேரு, ஒரு மத்தியானம். பேனால மை தீர்ந்துச்சு, காப்பியிங் பென்சிலை நாக்குல தொட்டு எழுதினோம், அதான் ஊதா. ஐயாயிரம் நோட்டீஸை உட்கார்ந்து கையால திருத்துவானாய்யா எவனாவது? எத்தனை நாக்கு வேணும் அதுக்கு?"

பின்வரிசையில் ஒருத்தன் சிரித்தான். அப்புறம் இரண்டு பேர். எழுதிக்கொண்டிருந்த பையன்கள் எழுதுவதை நிறுத்திவிட்டார்கள். டீன் சிரிக்கவில்லை. அவன் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான், முதல் தடவையாகப் பார்க்கிறவன் மாதிரி, கண்ணாடியைக் கழற்றிவிட்டு. மைக்கை வாய்க்குக் கொண்டு போனான், மரியாதை குறையாமலே கேட்டான். "சரி அண்ணாச்சி. ஆனா ஐநூறுதான்ங்கிறதுக்கு யார் சாட்சி?"

"ஐநூறு இல்ல," என்று ஒரு குரல். சண்முகக்கனி எழுந்து நிற்கிறாள். என்ன சொல்லப் போகிறாள் இவள், இவ்வளவு தூரம் என்னைக் கூட்டி வந்துவிட்டு? "ஐநூறு இல்ல சார். நானூத்தித் தொண்ணூத்தாறு. நாலு நோட்டீஸ நான் எச்சில் பண்ணி நாசமாக்கிட்டேன். அதுல அப்பா கடலை மடிச்சுத் தந்தாவ. நான்தான் எண்ணிக் கட்டினேன்." மைக் இல்லாமலே சொன்னாள், கடைசி வரிசைக்கும் கேட்டது. நானூற்றித் தொண்ணூற்றாறு. எனக்கு அது தெரியாது. நாற்பது வருடமாக உண்மை என்று நெஞ்சுக்குள் பூட்டி வைத்திருந்த என் ஐநூறிலும் நாலு கூடுதல். அந்த நாலும் கடலைத்தாளாய் ஒரு மத்தியானம் முடிந்து போயிருக்கிறது. அவள் என்னைப் பார்த்தாள், அவள் அப்பா பார்த்த மாதிரியே, தலைகீழாக விழுந்த எழுத்தைப் பார்ப்பது போல. நிமிர்த்தி வை என்பது போல. பொன்னாடையை எடுத்து மேஜையில் வைத்தேன். குளிர் நேராக முதுகில் ஏறியது. அவன் கையில் பேனா இருந்தது, எனக்கு அது தெரிந்தது. மைக்கை என் பக்கம் இழுத்தேன்.

"எழுதிக்கோ தம்பி. நானூத்தித் தொண்ணூத்தாறு."